இரண்டு கண்ணும் ஒரே பக்கம்

கொட்டியாரக் குடாவில் இரவு முழுக்கக் கிடந்து
றிஸ்மியின் தோணி கொண்டுவந்தது
மூன்றே மூன்று எருமைநாக்கு.

பக்கத்தில் சுருக்குவலைக்காரர்
பெட்டி பெட்டியாய் இறக்குகிறார்கள்.
வெட்கமில்லையா என்றேன்.
"தூண்டில், மச்சான்.
கேட்டதை மட்டுந்தான் தரும்."

ஒரு பக்கம் சேற்று நிறம்,
மறுபக்கம் சோற்று வெள்ளை.
குஞ்சில் பக்கத்துக்கொன்றாய் இருந்த கண்ணில்
ஒன்று, வளர வளர நெற்றி ஏறி
மற்றதன் அருகே போய்க் குந்துமாம்.
கீழே பார்க்க ஒன்றுமில்லை என்று
முடிவெடுத்த முகம்.

தராசில் இரண்டைத்தான் வைத்தான்.
மூன்றாவது வாளிக்குள் இருந்தது, உயிரோடு,
ஒரு சாணும் வராது.
"இருட்டில பெரிசாத் தெரிஞ்சிட்டுது."

சாரத்தை மடித்துக் கட்டி
முழங்கால் தண்ணீரில் இறங்கி விட்டான்.
விட்ட இடத்தில் மீனைக் காணோம்.
மணல்.
கொஞ்சம் பொறுத்து
மணலுக்கு இரண்டு கண்.

இரண்டு கிலோவும் நானூறும்.
சொன்ன விலைக்கே வாங்கினேன்,
பேரம் பேச வாய் வரவில்லை.

மத்தியானம்
மிளகும் பழப்புளியும் மணக்கும் சட்டியிலிருந்து
ஒரு துண்டை எடுத்து,
நடுமுள்ளைக் கழற்றிவிட்டுத் திருப்பினேன்.

கண்ணில்லாத பக்கமும்
அதே ருசி.