தீர்வை ஏற்படாத தரிசு

சமூகரெங்கபுரத்துக்குத் தெற்கே
காற்றாடி வரிசை முடிகிற இடத்தில்
இன்னொரு காற்றாடிக்கு இடம் அளந்தோம்.
தை மாதம். புல் முட்டளவு, நுனி மட்டும் காய்ந்து.

மாசானம் செயினை இழுத்துக்கொண்டு போகப் போக
காலடியிலிருந்து
வெள்ளை வெள்ளையாய்க் கிளம்பின.
பத்தடி பறந்து மறுபடி இறங்கின.

எல்லைக்கல் மேல் ஒன்று உட்கார்ந்தது.
வெளுத்த சிறகில் கருப்புப் புள்ளி, சிவப்புப் புள்ளி,
இரண்டு பேனாவாலும் திருத்திய கணக்கு மாதிரி.
அந்து என்றால் ராத்திரிப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.
இது பதினொரு மணி வெயிலில்
ஒளியாமல் இருந்தது.

ஒளிய வேண்டியதில்லை அதற்கு.
கிலுகிலுப்பையின் ஊதிய காயைத் துளைத்து
உள்ளே நுழைந்து விதை தின்ற புழு, ஒரு காலத்தில்.
ஆடு வாய் வைக்காத விதை.
அந்தக் கசப்பைச் செரிக்கவில்லை, சேர்த்து வைத்தது.
கூட்டுக்குள் உடம்பே கரைந்து மாறியபோதும்
அதை மட்டும் விடவில்லை.

அந்தி சாய ஆண் வந்து சுற்றும்.
வால்நுனியில் மயிர்க்கற்றை விரித்து
மணத்தால் சொல்லும், தன்னிடம் நஞ்சு எவ்வளவு என்று.
பவுன் பேசுவது போலத்தான்.
இங்கே போடுகிறவன் மாப்பிள்ளை.
அவள் தன் பங்கையும் சேர்த்து
முட்டைக்குள் வைத்து
இலையடியில் ஒட்டிவிட்டுப் போவாள்.
எறும்பு மோந்துவிட்டுத் திரும்பும்.

இதெல்லாம் பிறகு படித்தது.
அன்று பார்த்தது ஒன்றுதான்:
கல்லிலிருந்து எழும்பியது காற்றில் தடுமாறி
இரண்டு செடிக்கு நடுவே வலையில் விழுந்தது.
சிலந்தி ஓடி வந்தது. தொட்டது.
நின்றது.
பிறகு ஒவ்வோர் இழையாய்
தன் வலையைத் தானே வெட்டியது.
ஓட்டை வழியே அந்து விழுந்து, பறந்து,
புல்லில் எங்கோ.

"திங்காது மேடம். அதுக்குத் தெரியும்லா"
என்றான் மாசானம், செயினை மடக்கிக்கொண்டே.

அடங்கலில் பயிர் என்றொரு கட்டம்.
இந்த நம்பருக்கு வருஷா வருஷம் அதில் ஒரு கோடு.
என் படிவத்திலும் குறிப்பு என்ற இடத்தில்
காலி என்றே எழுதினேன்.
வேறென்ன எழுத?
தாசில்தார் கேட்டால் பூச்சியைக் காட்டவா?

கோப்பு நாலு மேஜை கடந்து போனது.
ஒருவரும் அதைத் தொட்டுப் பார்த்து
நிற்கவில்லை.

சாயங்காலம் ராதாபுரம் பஸ்ஸில்
பையைத் திறந்தால், தவறி வந்த ஒரு காய்.
காதருகே ஆட்டிப் பார்த்தேன்.
கிலுகிலுக்கவில்லை.
ஓரத்தில் ஊசிமுனை அளவு துளை.
உள்ளே யாரோ
தின்றுகொண்டிருக்கிறார்கள்.