எந்தக் கட்டத்தில் நீ

ஓவுலு நகரத்தில் டிசம்பர்.
பிற்பகல் இரண்டரைக்கே தெருவிளக்கு.
நூலகத்தின் பின்னறையில்
கட்டம் போட்ட தாளை விரித்து
பூட்ஸுகளை வாசலில் உதறிவிட்டு
கம்பளிக் காலுறைகளோடு நாங்கள் ஐவர்.
கதை நடத்துவது நான்.
பகலில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்,
வியாழன் மாலைகளில் அரக்கர்களை.

துக்கா வாரம் தவறாமல் குழப்புவதால்
முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்:
மங்கலாகத் தெரிவது வேறு,
ஒளிந்திருப்பது வேறு,
கண்ணுக்கே தெரியாதிருப்பது இரண்டிலும் வேறு.

மூடுபனியில் நிற்பவன் இலைமறை காய்.
அவன்மேல் ஓங்கிய வாள்
ஐந்தில் ஒரு முறை வெறும் பனியை வெட்டும்.
வாள் பட்டதா என்று ஒரு பகடை,
பட்டது அவன்மேல்தானா என்று இன்னொன்று.
கும்மிருட்டென்றால் பாதிக்குப் பாதி.

ஒளிவதற்கு ஒரு தூணாவது வேண்டும்.
ஸம்ப்ஸாவின் மல்லன்
ஒல்லிக் கம்பத்தின் பின்னால் நின்றுகொண்டு
மறைந்துவிட்டேன் என்பான்.
சோற்றுக்குள் முழுப் பூசணிக்காய்.

மாய மருந்து குடித்தவனுக்கோ
உடல் போகும், ஓசை போகாது.
சங்கிலிச் சட்டை கலகலக்கும்,
ஈரத் தரையில் தடம் விழும்,
வெங்காயம் தின்றிருந்தால் அதுவும் காட்டிக்கொடுக்கும்.
எதிரி உன்னைப் பார்க்க வேண்டியதில்லை.
எந்தக் கட்டத்தில் நீ என்று தெரிந்தால் போதும்,
கோடரியை வீசிப் பார்க்கலாம்.
நீ ஒருவனை அடித்தாலோ
அக்கணமே மாயம் கலையும்.
கண்ணை மூடிய பூனைக்குச் சாதகமாக
இந்த நூலில் ஒரு வரியும் இல்லை.

அன்று மறைந்தவன் மந்திரவாதி.
மாவைத் தூவினால் உருவம் தெரியும் என்றாள் ஏரிகா.
எத்தனை கிலோ என்றேன்.
கோதுமையா ரையா என்றான் ஸம்ப்ஸா.
துக்கா கைப்பேசியில்
அறையின் நீள அகலத்தைப் பெருக்கினான்.
நாற்பது நிமிடம்.
காபி ஆறி ஆடை கட்டியது.

இதற்கிடையில்
ஸைமி தன் பொம்மையைத் தாளிலிருந்து எடுத்து
சட்டைப் பையில் போட்டிருந்தாள்.
மாயமானவர்கள் செய்வது அது.
தன் முறை வரும்போதெல்லாம்
ஒரு சீட்டை மடித்துத் தந்தாள்,
நானும் வாங்கி
அட்டைத் திரைக்குப் பின்னால் அடுக்கினேன்,
பிரிக்காமல்.

"அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன்,
குத்தட்டுமா?" என்று கேட்டபோதுதான்
அவள் குரலையே அன்று கேட்டோம்.

சீட்டுகளைப் பிரித்தேன்.
*மருந்து குடிக்கவில்லை. நடுவழியாக நடக்கிறேன்.
யாராவது பார்த்தால் சொல்லவும்.*
அடுத்ததில்: *நடக்கிறேன். பார்த்தார்களா?*
மூன்றாவதில்: *பந்தத்தின் அடியில் நிற்கிறேன்.*
ஆறாவதில் வெறும் கேள்விக்குறி.

செல்லாது, என்றான் துக்கா.
நான்கு காவலர்கள், வெளிச்சம், திறந்த கூடம்.
எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி
முதலிலிருந்து ஆடணும்.
நூலைப் புரட்டினேன்.
பனிக்கு விதி உண்டு, புதருக்கு உண்டு,
இருட்டுக்கு மூன்று பக்கம்.
பார்க்கக் கூடியவர்கள் பார்க்காமல் போனதற்கு
பின்னிணைப்பிலும் ஒன்றுமில்லை.
காவலர்களின் கண்கள் என் பொறுப்பு.
நான் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது நடந்ததுதான், குத்து, என்றேன்.

இருபது முகப் பகடை
பிஸ்கட் தட்டில் மோதித் திரும்பி
நான்கில் நின்றது.
தவறியது.
ஏரிகா தலையில் கை வைத்தாள்.
ஸைமி சிரித்துக்கொண்டே
பையிலிருந்து பொம்மையை எடுத்து
மந்திரவாதியின் பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள்.

இரண்டு வருடமாக என் தாளில் நடந்த பொம்மை.
அதற்கு இடது காது இல்லை.
உடைந்ததல்ல, அப்படியே செதுக்கி
தழும்புக்கு இளஞ்சிவப்புச் சாயம் தீட்டியிருக்கிறாள்.

"இப்போது அவன் முறை" என்றாள்.
திரைக்குப் பின்னால் பகடையை எடுத்தேன்.