மூன்று கொம்பு, சில நேரம் நான்கு

தைப்பூசக் கொடி ஏறிய மூன்றாம் நாள் காலை
நார்த்டேலிலிருந்து கனகாம்பாள் பாத்தர் அழைத்தார்:
"விரத வீட்டுக் குழாயில் மீன் நாறுகிறது.
எதைத் திறந்துவிட்டீர்கள்?"
புகார் ஏட்டில் நேரம் எழுதினேன். 6.40.

மிட்மார் நீர்த்தேக்கத்துக்கு வண்டி எடுத்தோம்,
நானும் சிபோங்கிலேயும்.
பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி, பத்துக் குப்பிகள்.
கரையோரத் தண்ணீர் பால் விடாத தேநீர்.
வேர் விட்டவை வெயில் வரட்டும் என்று நிற்கும்;
இவை நீந்திப்போய் வாங்கிக்கொள்ளும்,
உச்சிவெயில் கூசினால்
ஓராள் ஆழம் இறங்கிக்கொள்ளும்.

அயோடின் விட்டால் செத்துவிடும்.
அதனால் முதல் சொட்டை உயிரோடு பார்ப்பேன்,
விதிமுறையில் அது இல்லை.

தலைமாட்டில் நீளமாய் ஒரு கொம்பு.
கால்மாட்டில் இரண்டு, கோடை முற்றினால் மூன்று.
தட்டுத் தட்டாய்க் கோத்த கவசம்,
பருத்தி எதனால் ஆனதோ அதனால் ஆனது.
இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம்;
அதில் அரைஞாண் போல ஒரு சாட்டை
நெளிந்து கொண்டே இருக்கும்.
இன்னொன்று பின்னால் நீண்டு துடுப்புப் போடும்.
மில்லிமீட்டர் ஒன்றுக்குள் ஐந்து பேர்
வரிசையில் நிற்கலாம்.
வேல் என்று எழுதக் கை போனது, மாதம் அப்படி.
எண்ணிக்கைப் படிவத்தில் உவமைக்குக் கட்டம் கிடையாது.

இரண்டாகும்போது கவசம் சாய்வாய்ப் பிளக்கிறது.
ஒருத்திக்குத் தலைக்கொம்போடு பாதி,
மற்றவளுக்குக் கால்கொம்புகளோடு பாதி.
குறையை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும்.
ரெய்ஸ்தோர்ப்பில் அண்ணனும் நானும் பிரித்த வீட்டில்
நடுச்சுவர் இன்னும் பூசாமல் நிற்கிறது.

குளோரினைக் கூட்டினோம். கரித்தூள் கலந்தோம்.
மணலில் கொம்புகள் மாட்டிக்கொண்டு
நாளுக்கு ஒருமுறை அலசும் வடிகட்டியை
ஐந்து முறை அலசினோம்.
உடைந்தால்தான் வாடை. கொல்லக் கொல்ல நாறும்.
இதை எப்படிச் சொல்வது?
"நஞ்சில்லை அம்மா, காய்ச்சி ஆறவிடுங்கள்."
"நஞ்சா என்று நான் கேட்கவில்லை,"
என்று வைத்துவிட்டார்.

பெயர் வைத்தவர் பிளந்த வாலைக் கண்டிருக்க வேண்டும்:
ஹிருண்டினெல்லா, லத்தீனில் குட்டித் தகைவிலான்.
மவுண்ட் மோர்லண்ட் நாணலில் கோடை முழுக்க அடைந்தவை
ஏப்ரலில் ஒரே இருளாய் எழுந்து வடக்கே போகும்.
எங்கள் குட்டிகள் அதே சமயம்
கொம்போடு சேர்த்து உறை போட்டுக்கொண்டு
அடிச்சேற்றுக்குப் போகின்றன.
வடக்கே போவதற்கு வரைபடம் உண்டு.
சேற்றுக்கு யாரும் வரையவில்லை.

மே இரண்டாம் வாரம்.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
கனகாம்பாள் அழைக்கவில்லை.
நல்ல தண்ணீருக்கு யாரும் அழைப்பதில்லை.

சிபோங்கிலே குழாயை இறக்கி
ஒரு விரல் நீளம் சேறு எடுத்துத் தந்தாள்.
எத்தனையோ வெற்று ஓடுகளுக்கு நடுவில்
ஒன்றுக்குள் மட்டும் பழுப்பு மிச்சமிருந்தது.
குப்பியை மூடி, குளிர்பெட்டியின் பின்வரிசையில் வைத்தேன்.
சீட்டில் தேதி.
அதன் கீழே, ஏனோ,
அந்தப் புகாரின் எண்.