மணலைக் கழித்தது போக

டல்சி பார்டியின் வேலிக்குப் பின்னால்
பதினொரு குளிர்காலம் நின்ற கார் அது.
நீலம் என்று பதிவுத்தாளில் இருக்கிறது.
இப்போது நிறமென்று ஒன்றில்லை,
கடலுப்பு தின்றது போக மிச்சம்.

நான் எடைமேடைக்காரன்.
நியூஃபவுண்ட்லாந்தின் இந்த விரிகுடாவில்
பழைய இரும்பெல்லாம்
என் சன்னலைத் தாண்டித்தான் கப்பலேறும்.
இந்த மாதம் வரும் கார்களின் காசு
கேண்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வேனுக்கு.
வாரம் மூன்று தடவை,
ஆறு பேர், ரத்தம் சுத்திகரிக்க,
நூறு கிலோமீட்டருக்கு மேல்.

லியாண்டர் இழுத்து வந்தான்.
முதலில் வடிக்க வேண்டியதை வடித்தோம்.
எஞ்சின் எண்ணெய், தார் மாதிரி.
பேட்டரியைத் தனியே கழற்றினோம்.
ரேடியேட்டரின் பச்சை நீரைக்
கடைசிச் சொட்டுவரை பீப்பாயில் பிடித்தோம்.
அது இனிக்கும்.
போன வசந்தத்தில் அந்த இனிப்பை நக்கி
மூன்றாம் நாள் சிறுநீரகம் நின்று
ஒரு நாய் செத்தது.
லியாண்டரின் நாய்.
பீப்பாயை அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

டயர்கள் வேறு கணக்கு.
காரில் நான்கு,
கொட்டகைக்குப் பின்னால் பதினேழு,
தார்ப்பாய் பறக்காமலிருக்க வைத்தவை.
ஒவ்வொன்றையும் நிமிர்த்தும்போது
போன வருடத்து மழை
என் பூட்ஸுக்குள் இறங்கியது,
கொசுப்புழுக்களோடு.
கொளுத்திவிட்டால் ஒரு மணி நேர வேலை என்றான்
வேடிக்கை பார்க்க வந்த ஒருவன்.
டல்சி அவனைப் பார்த்தாள்.
அவன் கையிலும் ஒரு டயரைக் கொடுத்தாள்.

பிறகு மேடை.
முள் ஆயிரத்து முந்நூற்றுப் பத்தில் நின்றது.
இந்த ரகக் கார் இவ்வளவு கனக்காது.
டிக்கியைத் திறந்தால்
மணல் மூட்டைகள், ஆறு.
பனியில் பின்சக்கரம் வழுக்காமலிருக்க
எப்போதோ போட்ட பாரம்.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன்.
நல்ல காரியத்துக்குத்தானே.
வாங்குகிறவன் பெரிய கம்பெனி,
ஆறு மூட்டை அவனுக்குத் தூசு.
பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

டல்சி பதில் சொல்லவில்லை.
முதல் மூட்டையைத் தானே இழுத்தாள்.
வலது முழங்கையின் உள்பக்கம்
ஊசி ஏறி ஏறிப் புடைத்த நரம்பு,
பாரம் தூக்கக் கூடாத கை.
இடது கையால் இழுத்தாள்.

அந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி என்று
எனக்குத் தெரியாமலா?
தெரிந்துதான் சொன்னேன்.

இறங்கிப் போய்
மீதி ஐந்தையும் தூக்கினேன்.
முள் நூற்றிருபது கிலோ கீழே வந்தது.
மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன்:
வேன் கேண்டருக்குப் போகிற பெட்ரோலுக்குக் காணும்.
திரும்பி வரக் காணாது.

கார் ஒன்று, டயர் இருபத்தொன்று
என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

நவம்பரில் முதல் பனி இறுகிய விடிகாலை,
வேன் வந்து நிற்கும் சரிவில்
இரண்டு மூட்டையை அவிழ்த்துக் கொட்டி
மண்வெட்டியால் பரப்பினேன்.
ஆறு பேரும் ஏறினார்கள்.
யாரும் கீழே பார்க்கவில்லை,
பார்க்கத் தேவையில்லை.

மூட்டை இன்னும் நான்கு கிடக்கிறது.
மார்ச் வரைக்கும் வராது.