பற்று வரவு

மொகோட்லோங்கில் பேருந்து நின்றபோது
நானும் மூன்று மூட்டை மக்காச்சோள மாவும்தான் மிச்சம்.
மாவுக்கு ஆள் வந்திருந்தது.
எனக்கு வரவேண்டிய ஆஸ்பத்திரி வண்டி
டயர் மாற்றத் தலைநகருக்குப் போயிருக்கிறதாம்.
மாவுக்கு வந்த மொசியுவா
கழுதைமேல் என் பெட்டியையும் ஏற்றினார்.
விமான நிலையத்தில் அரைக் கிலோவுக்காக
நான் மன்றாடிய பெட்டி.
கழுதை எதுவும் கேட்கவில்லை.

ஜூலை. பனி.
பூமியின் தென்பாதியில் அது குளிர்காலம் என்று
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான்.
பருத்திச் சட்டை ஆறு கொண்டுவந்திருந்தேன்.

பதினேழு வருடத் தணிக்கை வேலையில்
ஓராண்டு விடுப்பு.
லெசோத்தோவின் மலைக்கோடியில்
ஒரு மருந்துக் கிடங்கின் கணக்கைச்
சீராக்கித் தருவதாகக் கையெழுத்து.
கிடங்குச் சாவி வைத்திருப்பவர்
எல்லை தாண்டித் தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தார்.
எப்போது வருவார்?
"வரும்போது" என்றார் செவிலி மாலிநேயோ.
கிண்டலில்லை. அவருக்குத் தெரிந்த தேதி அதுதான்.

சும்மா இருக்கத் தெரியாத கை
ஒரு நோட்டில் நடுக்கோடு கிழித்தது.
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.

பற்று:
கம்பளிப் போர்வை ஒன்று, சிவப்பு, சோளக்கதிர் போட்டது.
அதைத் தோளில் நிறுத்த ஊக்கு.
மண்ணெண்ணெய் அரை லிட்டர். தீப்பெட்டி.
கதவைத் தள்ளக் கூடாது, தூக்கித் தள்ளவேண்டும்
என்கிற ரகசியம்.
வாளியில் உறைந்த தண்ணீரை
அகப்பைக் காம்பால் உடைக்கும் வித்தை
(பக்கத்து வீட்டுப் பெண், வயது ஏழு,
சிரிப்பு இலவசம்).
முட்டைக்கோசு. மறுபடி முட்டைக்கோசு.
அவர்கள் மொழியில் ஏழு சொல்.

ஏழில் ஒன்றுக்குத்தான் ஓயாத வேலை.
எப்படி வாழ்கிறாய் என்று
வழியில் பார்க்கிறவரெல்லாம் கேட்பார்கள்.
கே பேலா என்று சொல்லவேண்டும்.
வாழ்கிறேன்.
ஏதோ இருக்கேன் என்றே சொல்லிப் பழகிய வாய்க்கு
அது பெரிய வாக்குமூலம்.
இரவு மூன்று மணிக்கு, புல்கூரையின் மேல்
காற்று லாரி லாரியாக
எதையோ கொட்டிக்கொண்டிருந்தபோது
போர்வைக்குள் சொல்லிப் பார்த்தேன்.
உச்சரிப்பு சரியில்லை.

வரவுப் பக்கம்
பத்தொன்பது நாள் வெள்ளையாகக் கிடந்தது.
ஒருமுறை 'புன்னகை' என்று எழுதி,
வெட்கமாகி, அடித்தேன்.

சனிக்கிழமை காலை
மொசியுவா கதவைத் தூக்கித் தள்ளி உள்ளே வந்தார்.
போர்த்திக்கொண்டு வா என்று சைகை.
மேட்டில் ஊரே நின்றது.
இறந்தவர் யாரென்று தெரியாது.
பெட்டியின் நீளத்தைப் பார்த்தால் உயரமானவர்.
பாட்டு முடியவில்லை, அதற்குள்
ஆண்கள் முறைவைத்துக் குழி மூடத் தொடங்கினார்கள்.
ஒருவன் களைக்கும் முன்பே
அடுத்தவன் மண்வாரியைப் பறித்துக்கொள்வான்.
ஒரு கணம் அது யார் கையிலும் இல்லை.
மண்ணில் குத்திட்டு நின்றது,
எனக்கு நேரே.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
கூப்பிடுகிறார்கள் என்று எப்படித்தான் புரிந்ததோ.

உறைந்த மண் கட்டி கட்டியாக வந்தது.
பெட்டியில் விழுந்தபோது கதவு தட்டுவது மாதிரி,
அப்புறம் அந்தச் சத்தமும் அடங்கி
மண்மேல் மண்.
எத்தனை வாரினேன் என்று எண்ணவில்லை,
நான்.
குல்லாய் போட்ட ஒரு பையன்
கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
வரவு என்றால், யார் பேரில்?
அந்த உயரமான மனிதர் கேட்கவுமில்லை,
திருப்பித் தரப்போவதுமில்லை.
பேனாவில் மை இறுகியிருந்தது.
அக்குளில் வைத்து அது இளகக் காத்திருந்தபோது
மாலிநேயோ வந்தார்.
சாவி வந்துவிட்டது, திங்கள் எட்டு மணி என்றார்.
போகத் திரும்பியவர்
என் உள்ளங்கையைப் பிடித்து விளக்கருகே கொண்டுபோனார்.
நாலு கொப்புளம்.
நாக்கைச் சொடுக்கினார்.
அந்த ஒலி என் ஏழு சொல்லில் இல்லை.
கைப்பையிலிருந்து எதையோ மேசைமேல் வைத்துவிட்டு
இருட்டில் இறங்கிப் போனார்.

மை இளகிவிட்டது.

பற்று:
வாஸ்லின், பாதி டப்பா.