பதினாலு மணி நேரம்

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மாட்டினீங்க?"
பதினாலு என்றேன், வேலூரில், போன தடவை.
எழுதிக்கொண்டார்.
எபியின் குதிகால் அதை நம்பாமல்
மறுபடி மேலேறிக்கொண்டது.

அழுவான். வாரை அவிழ்த்தது நான்தான்.
ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடுமே.

திரும்ப மூன்று மாவுக்கட்டு.
திரும்ப இந்தப் பட்டை,
முனைக்கொன்றாய் வெளிப்பார்த்த ஷூக்கள்.
ஆம்பூரில் பகலெல்லாம்
எவர் பிள்ளைக்கோ மேல்தோல் தைக்கிறேன்;
அந்த ஜோடிகள் பெட்டிக்குள்
ஒன்றன்மேல் ஒன்று புரண்டு படுக்கும்.

நான்காவது துளை. இல்லை, ஐந்து.
இரண்டு காலையும் சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டான்,
பள்ளிகொண்டா டோல்கேட் வரை பஸ்சே பார்த்தது.

இப்போது மணி இரண்டு.
பட்டை என் விலாவில் இடிக்கிறது.
சிணுங்குகிறான்.
வாரைத் தேடிப் போன கையை இழுத்து
என் தலைக்கடியில் வைத்துப்
படுத்துக்கொள்கிறேன்.