மாடு கடிக்காத செடி

அன்னூர் தாண்டி, பழைய கோழிப்பண்ணையை வாங்கி
வெள்ளையடித்த கட்டிடம்.
உள்ளே போக மூன்று கதவு.
முதல் கதவில் செருப்பு,
இரண்டாவதில் வளையல், மோதிரம்,
மூன்றாவதில் தலையிலிருக்கிற பூ.

பூச்செடி செய்கிற இடத்தில்
பூ வைக்கக் கூடாது.
சேர்ந்த அன்றைக்கு நான் சிரித்தேன்.
சூப்பர்வைசர் கோகிலவாணி சிரிக்கவில்லை.
‘ஒரு மொழம் மல்லிக்கு
முந்நூறு பாட்டில் போச்சுங்க்கா’ என்றாள்,
எழவுச் சேதி சொல்கிற குரலில்.

மில்லிலும் மாஸ்க் போட்டேன்,
பஞ்சு என் மூக்கில் ஏறாமல் இருக்க.
இங்கேயும் போடுகிறேன்,
என் மூச்சு செடிமேல் படாமல் இருக்க.

காற்றைக்கூடச் சலித்துத்தான் விடுகிறார்கள்.
அது முகத்துக்கு நேரே ஊதுகிற மேடையில்
கத்தியை ஸ்பிரிட்டில் நனைத்துத் தீயில் காட்டி,
சூடு ஆறும்வரை பேசாமலிருந்து,
பாட்டிலுக்குள் இடுக்கி விட்டு எடுத்தால்
சுண்டுவிரல் உயரத்தில் இட்லிப்பூச் செடி.
கணுவுக்குக் கணு வெட்டு.
ஒன்று நான்கு.
நாலு வாரம் கழித்து
நான்கு பதினாறு.
மண் இல்லை, மழை இல்லை, ஆடி தை இல்லை.
கடல்பாசிக் கூழில் லிட்டருக்கு முப்பது கிராம் சர்க்கரை,
அப்புறம் பூட்டிய அலமாரியிலிருந்து
கோகிலவாணி மில்லிகிராமில் அளக்கிற ஏதோ ஒன்று.
கூடினால் கொத்துக்கொத்தாய்த் தடித்து
செடி என்றே சொல்ல முடியாது.
குறைந்தால் சும்மா நிற்கும்,
தீபாவளிக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி.

ஒரு திங்கட்கிழமை, நாற்பத்தேழாம் தட்டில்
பாட்டிலுக்குள் வெள்ளை முடி.
ஸ்டிக்கரில் என் பெயர்.
யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம்.
மூடி திறக்காமல் அப்படியே வேகவைத்தோம்.
அறை முழுக்கக் கீரை கடைந்த வாசம்.
மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

ரோடு கான்ட்ராக்டர் சென்னியப்பன்
கார் ஏசியை அணைக்காமலே இறங்கி வந்தார்.
‘பைபாஸ் நடுவுல வைக்கோணுங்.
ஒரே உசரம், ஒரே செவப்பு, நாப்பதாயிரம் செடி.
முக்கியமா மாடு கடிக்கப் படாதுங்.
போன தடவை வெச்சதையெல்லாம் மேஞ்சு போட்டுதுங்.’

அன்று ராத்திரி நான் அரிசி களைய,
மகள் பிளஸ் டூ பரீட்சைக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.
அடுத்த நாட்டு மாட்டைப் பிடிக்கப் போகிறவர்கள்
தலையில் வெட்சி சூடிப் போவார்களாம்.
‘வெட்சின்னா என்ன சாமி?’
‘உங்க லேபுல வெட்டறீங்களேம்மா,
இட்லிப்பூ.’
கழுநீரை ஊற்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

பனிக்கூடாரத்தில் பாட்டிலைத் திறந்து,
வேர்க்கூழைக் கழுவி, தேங்காய் நாரில் நட்டு,
நூற்றுக்கு முப்பது
வெளிக்காற்று பட்டதும் சாய்ந்து,
மிச்சம் லாரி ஏறிப் போயிற்று.

ஒன்றரை வருஷம் கழித்து
பெருந்துறையில் ஒரு சீருக்குப் போனேன்.
லீவு நாள், ரெண்டு மொழம் மல்லி வைத்திருந்தேன்.
செங்கப்பள்ளிக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது.
நடுவில் எங்கள் செடிகள்.
ஒரே உயரம். ஒரே சிவப்பு.
எது என் கை, எது புவனேசு கை
என்று எனக்கே தெரியவில்லை.

அங்கே ஒரு செவலை மாடு.
முன்னங்கால் இரண்டும் திட்டின்மேல்.
லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்,
கண்டக்டர் இறங்கிப்போய்க் கையை வீசுகிறார்.
அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கொத்தோடு பிடுங்கியதில்
கொம்பில் ஒரு சிவப்புக் காம்பு மாட்டியிருக்கிறது.
சூடிக்கொண்ட மாதிரி.

நான் ஜன்னலில் தலை நீட்டிப் பார்த்தேன்.
சரியாகக் கணுவுக்குமேல்தான் கடிக்கிறது.
ஒவ்வொன்றும் இரண்டாய்த் துளிர்க்கும்.
சென்னியப்பனுக்கு
யாரும் சொல்ல வேண்டாம்.